பின்புறமாக மலை ஏறிய கார்

என் மாமா ஹபீப் முகம்மதுவுக்குக் கூடப்பிறந்தது என் உம்மா ஷரீஃபா ஒருத்திதான். தாய் தகப்பன் போன பிறகு, சூலியா தெருவில் மசாலாக் கடை வைத்துத் தங்கையை வளர்த்து, பினாங்குத் தீவின் மறுபக்கம் பாலிக் பூலாவில் கட்டிக் கொடுத்தார். கட்டிக் கொடுத்த பிறகுதான் நடுவில் மலை இருப்பது அவருக்கு உறைத்தது.

ஜப்பான்காரன் வருவதற்கு ஏழெட்டு வருஷம் முந்தின கதை இது. உம்மாவுக்குத் தலைப்பிள்ளை ஏழாம் மாதம். தலைப்பிள்ளை பெண்ணுக்குப் பிறந்த வீட்டில்தான் பிறக்க வேண்டும். ஆனால் அவள் மாமியார் ஹாஜரா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார்: பஸ்ஸில் ஆண்களோடு இடித்துக்கொண்டு போகக்கூடாது, வாடகைக் கார் என்றால் ஓட்டுகிறவன் அந்நியன். "கூடப்பிறந்தவன் கிரேத்தா கொண்டுவந்தா கூட்டிப் போகட்டும் லா."

கிரேத்தா என்றால் கார்; அதை வாங்க முடியாது என்று நினைத்துச் சொன்னாரோ என்னவோ. மாமா வாங்கிவிட்டார். மூன்று பேர் கையில் ஓடித் தேய்ந்த குட்டிக் கார். வாரம் முழுக்க மல்லி மூட்டை ஏற்றுவார். வியாழக்கிழமை பின் இருக்கையைத் துடைத்து, சன்னலுக்குத் திரை கட்டி, தங்கையை அழைக்கக் கிளம்புவார். கெலுகோர் தாண்டும், பாயான் லெப்பாஸ் தாண்டும். மலையில் பாதி ஏறியதும் இருமி நின்றுவிடும். இரண்டு வியாழன் இப்படியே திரும்பினார்.

கார் வேலை தெரிந்த சுப்பையா குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "பெட்ரோல் எண்ணெய்த் தொட்டி உங்க இருக்கைக்கு அடியில இருக்கு பாய். மூக்கைத் தூக்கிக்கிட்டு ஏறினா முன்னால இருக்கிற இன்ஜினுக்கு எண்ணெய் எப்படிப் போகும்? பின்பக்கமா ஏறுங்க, தன்னால இறங்கும்."

"சனம் சிரிக்குமே, அண்ணே."

"சிரிக்கிறவங்களா உங்க தங்கச்சியைக் கொண்டாந்து விடப்போறாங்க?"

மூன்றாம் வியாழன், கழுத்தைத் திருப்பியபடியே மலை முழுதும் பின்புறமாக ஏறினார். உச்சியில் காரைத் திருப்பி, இறக்கத்தில் நேராக வந்து சம்பந்தி வீட்டு வாசலில் நின்றார். உம்மா துணி மூட்டையோடு காத்திருந்தாள்.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். பெருமை விடவில்லை. "மாமி, மலை முழுக்கப் பின்னாலேயே ஏறி வந்தேனாக்கும்!"

ஹாஜராவின் வெற்றிலை மென்ற வாய் நின்றது. "திரும்பிப் போறப்பவும் மலை இருக்குல்ல?"

மாமா தலையைச் சொறிந்தார்.

"அந்த வளைவுல, ஏழு மாசக்காரியை வெச்சுக்கிட்டுப் பின்னால ஏறுவியா? நான் அனுப்பமாட்டேன் தம்பி. கோவிச்சுக்காதே."

உம்மா மூட்டையை வாசலில் வைத்தாள். அழவில்லை. "மாமி, கார்ல சும்மா உக்காந்து பார்க்கட்டா?" என்று கேட்டாள். தலையசைப்புக் கிடைத்ததும் பின்னால் ஏறித் திரையை இழுத்துவிட்டாள்.

"மல்லி வாசம் வருது நானா," என்றாள், முன்னால் ஏறி உட்கார்ந்த அண்ணனிடம். "நம்ம கடை மாதிரியே இருக்கு. ஹாரனை அடி."

அடித்தார்.

"இப்ப எங்க போறோம்?"

நின்ற காரில் ஸ்டீரிங் வளையத்தைப் பிடித்துக்கொண்டு மாமா சொன்னார்: "மலை இறங்கியாச்சு. பாயான் லெப்பாஸ் வயல். நாத்து நட்டிருக்கான்."

"மெதுவாப் போ."

"கெலுகோர். தென்னை மரமா இருக்கு. ஒரு மாடு குறுக்க வருது, இரு..." ஹாரன் அடித்தார்.

கதவு திறந்தது. ஹாஜரா முக்காட்டைச் சரிசெய்தபடி நின்றார். "தள்ளி உக்காரு புள்ளே. நானும் டவுன்காரிதான். கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்னாலதான் எங்க வீடு. மலை தாண்டி வந்து இருபத்தெட்டு வருஷமாச்சு." ஏறி உட்கார்ந்து, முன் இருக்கையைத் தட்டினார். "போ தம்பி. அந்தப் பக்கமாப் போ."

மாமா வளையத்தைத் திருப்பினார். ஜெலுத்தோங் சொன்னார், பினாங்கு ரோடு சொன்னார். பள்ளி மினாரா தெரிகிறது என்றார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். நான் பாலிக் பூலாவிலேயே பிறப்பதென்று அன்றைக்கு முடிவாகிவிட்டது.

"சூலியா தெரு வந்தாச்சு," என்றார் மாமா.

உம்மா அவர் தோளைப் பிடித்தாள். "வாசல்ல நிறுத்திடாதே நானா. இன்னொரு சுத்துப் போ."