தேர்க்காலுக்குக் கீழே இருந்தவன்

போன வாரம் நாடுகாணியிலிருந்து கூடலூருக்கு ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தேன். சாயங்கால நேரம். எதிரே வருவது தெரியாத மூடுபனி.

எனக்கு அந்தப் பக்கம் என்ன வேலை? நாவல் எழுதப் போயிருந்தேன்! கன்றுக்குட்டி செத்ததற்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டானே, அந்தச் சோழ ராஜாவின் கதை. கூடலூர் பக்கம் தோழியின் எஸ்டேட் பங்களாவில் டேரா. ராஜாவின் துயரம், மந்திரியின் தவிப்பு, பசுவின் கண்ணீர்... எல்லாம் அருமையாக வந்துவிட்டதாக ஒரே பூரிப்பு.

ஜீப்பை ஓட்டியவர் எஸ்டேட் டிரைவர் செல்வம். மகளுக்குக் காது குத்தப்போகும் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு வளைவில் சட்டென்று பிரேக்கை மிதித்தார். 'தொம்' என்று ஒரு சத்தம். வண்டி ஆஃப் ஆகிவிட்டது.

பம்பருக்கு முன்னால் ஒரு யானைக்குட்டி உட்கார்ந்திருந்தது.

"ஐயோ... இடிச்சுப்புட்டனுங்களே!"

குட்டி வீறிட்டது. தேயிலைச் செடிகளுக்கு மேலே பனி அசைந்தது. பனியா அது? தாய் யானை!

"ஸ்டார்ட் பண்ணுங்க செல்வம், பின்னால எடுங்க!"

"வேண்டாங்க மேடம். சத்தம் கேட்டா மேல வந்துரும். அசையாம இருங்க."

அது அருகில் வந்தது. குட்டியைத் துதிக்கையால் தடவித் தடவிப் பார்த்தது. பிறகு எங்களைப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கி பம்பர் மேல் வைத்தது... அவ்வளவுதான். ஜீப்பின் மூக்கு தரையை நோக்கி இறங்கியது. முன் கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது.

கத்தலாமா? சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் செல்வம் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "தெரியாம பட்டுருச்சு தாயி... எனக்கும் பொட்டப்புள்ள இருக்குது தாயி..."

குட்டி தடுமாறி எழுந்தது. தாயின் வயிற்றுக்கடியில் போய் நின்றது. தாய் காலை எடுத்தது. இரண்டும் சரிவில் இறங்கிப் பனிக்குள் போய்விட்டன.

செல்வம் இறங்கிப் போய்ச் சரிவை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார். "ஃபாரஸ்ட் ஆபீசுக்குச் சொல்லிப்புடணுங்க. குட்டிக்கு உள்காயம் கிது இருந்தா?"

"உங்க மேல கேஸ் போட்டா?"

"அந்தப் பயந்தானுங்க. நீங்களும் கூட வர்றீங்களா?"

போனோம். அங்கிருந்த அதிகாரி காய்ச்சி எடுத்தார். கேட்டுக்கொண்டு நின்றோம். மறுநாள் மத்தியானம் ஃபாரஸ்ட் ஆபீசிலிருந்து போன் வந்தது. குட்டி தாயோடு சதுப்பில் மேய்கிறது, நடை சரியாக இருக்கிறது என்றார்கள். செல்வம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கேஸ் என்ன ஆகும் என்பது இன்னும் தெரியவில்லை.

பங்களா அறைக்கு வந்து என் அத்தியாயத்தைப் புரட்டினேன். ராஜா பேசுகிறார். ராணி பேசுகிறாள். மந்திரி பக்கம் பக்கமாகப் பேசுகிறார். பசுகூட மணியடித்துத் தன் கட்சியைச் சொல்கிறது. அந்தப் பையன்? அவனுக்கு ஒரு வரி வசனம் இல்லை! சக்கரம் உருண்டு வந்தபோது அவன் "அப்பா" என்றாவது கூப்பிட்டிருக்க மாட்டானா? அத்தனை நாள் எழுதியும் எனக்கு அது தோன்றவே இல்லையே!

மொத்தத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, அவன் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

நீதி... தேர் மேலிருந்து பார்த்தால் எவ்வளவு அழகு, இல்லையா?