ராமநாதன் வீட்டில் விட்ட எலி

ராமநாதன் வீட்டுக்குள் எலியைக் கொண்டுபோய் விட்டது நான்தான். பூட்டிய வீடு, சாவி என் கையில், கூண்டும் என் கையில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு வருவதை நீங்கள் நம்பாமல் போனாலும் இதையாவது நம்ப வேண்டும்.

பேய், ஆவி, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. வேதியியலில் முதுகலை படித்துவிட்டு, செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவன். யாராவது தனக்கு நேர்ந்த அதிசயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். இப்போது நீங்களும் அப்படி எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை.

மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் எதிரும் புதிருமாக இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள், மற்றதில் ராமநாதன். இரண்டுமே பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பங்கள். நானும் ராமுவும் சிறு வயதில் அவன் அப்பாவிடம்தான் ஒரே பாயில் உட்கார்ந்து மிருதங்கம் கற்றோம். பெரியவர்களான பிறகு எங்கள் பஜனை மண்டலியில் இருவரும் மாறி மாறி வாசித்தோம். வருடத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் உற்சவமாக ராதா கல்யாணம் நடக்கும், ஊரிலிருந்து பாகவதர் வருவார். ஒரு வருடம் அவர் எல்லார் முன்னாலும், "ராமு வாசிச்சா நான் பாடவே வேண்டாம், சும்மா வாயை அசைச்சாப் போறும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மணி வாசிப்பு நல்ல சுத்தம் கேட்டியா, கணக்குல ஒரு பிசகு கிடையாது" என்றார். அந்தச் "சுத்தம்" என்ற சொல் இன்றுவரை எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது.

பொறாமைக்கு ஒரே வாசல் போதாது. ராமுவின் வீட்டில் எல்லாமே எங்கள் வீட்டைவிட நன்றாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. எலிகூட அப்படித்தான். எங்கள் வீட்டில் அரிசி மூட்டை, பழைய புத்தகம், பூஜை அலமாரித் திரி என்று எதையும் விட்டுவைக்காத சுண்டெலித் தொல்லை. நான்கடி நடந்தால் ராமு வீடு, அங்கே ஒன்றுகூடக் கிடையாது. அவன் மனைவி ஜயா, யார் கேட்டாலும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எங்காத்துல எலியா? பேருக்குக்கூட கிடையாது" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வீடுகளில் எலியைக் கொல்வதில்லை. கம்பிக் கூண்டில் சுட்ட தேங்காய்ச் சில்லை மாட்டிவைப்போம், விழுந்த எலியைக் காலையில் கூண்டோடு தூக்கிக்கொண்டு போய் எங்காவது தூரத்தில் விட்டுவிட்டு வருவோம். நான் ரயில்வே வொர்க்‌ஷாப் மதில் ஓரமாக விடுவேன்.

"ஏன்னா, நீங்க விடற எலி உங்களுக்கு முன்னாடி மாடி ஏறி வந்துடறது. அதுக்கு முட்டி வலி கிடையாது பாருங்கோ" என்பாள் என் மனைவி விசாலம். "எல்லாம் ஒரே எலிதான், நான் சத்தியம் பண்றேன்."

எதையும் சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்கிறவன் இல்லை நான். அடுத்த எலி விழுந்தபோது கூண்டுக் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அதன் வாலைப் பிடித்துக்கொண்டேன். விசாலம் எங்கள் பெண்ணின் சிவப்பு நெயில் பாலிஷை வால் நுனியில் நன்றாகத் தடவினாள். காய்ந்ததும் வழக்கமான இடத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில் மிருதங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதன் இடப்பக்கத் தோலில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்பினால்தான் கனமான நாதம் வரும். வாசித்து முடித்ததும் சுரண்டித் துடைத்துவிட வேண்டும், அப்படியே விட்டால் எலிக்கு விருந்து. ராதா கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது நான் சோம்பலில் துடைக்காமல் விட்டேன். காலையில் பார்த்தால் ரவையோடு தோலும் போயிருந்தது, கை நுழையும் அளவுக்கு ஓட்டை. மறுநாள் கூண்டில் எலி விழுந்தது. வால் நுனி சிவப்பு.

"நான் சொன்னேனா இல்லையா?" என்றாள் விசாலம்.

விஷயம் கேள்விப்பட்டு ராமு வந்தான். கிழிந்த தோலைத் தடவிப் பார்த்தான். "அடப்பாவி, சுரண்டாம விட்டுட்டியா? போறது போ, இப்போ அவசரத்துக்குத் தோல் மாத்த முடியாது. என்னோடது இருக்கே மணி. முதல் நாள் நீ வாசி, கல்யாணத்தன்னிக்கு நான் வாசிக்கறேன். எங்கப்பா மிருதங்கம்தானே, நீயும் அதுலதானே கத்துண்டே?"

அவன் தரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அவன் தந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று மத்தியானம் ராமுவும் ஜயாவும் பூத்தொடுக்கவும் காய் நறுக்கவும் மண்டலிக்குப் போனார்கள். எதிர்வீட்டுச் சாவி எப்போதும் எங்களிடம்தான் இருக்கும். கைப்பழக்கத்துக்காக வாசித்துப் பார் என்று ராமுவே சொல்லியிருந்தான். போனேன். ரவை அப்பினேன், வாசித்தேன். அதே மிருதங்கம், அதே பலா மரக் கட்டை. என் கையில் வெறும் கணக்குதான் கேட்டது. குறை வாத்தியத்தில் இல்லை என்று அன்று நிச்சயமாகத் தெரிந்துபோயிற்று. நான் ரவையைச் சுரண்டவில்லை. எழுந்து எங்கள் வீட்டுக்குப் போய்க் கூண்டை எடுத்து வந்து ராமு வீட்டுக் கூடத்தில் வைத்துக் கதவைத் தூக்கினேன். சிவப்பு வால் சோபாவுக்கு அடியில் போய் மறைந்தது. பூட்டிக்கொண்டு வந்தேன்.

விசாலம் காலிக் கூண்டைப் பார்த்தாள். "அதுக்குள்ள வொர்க்‌ஷாப் வரைக்கும் போயிட்டு வந்துட்டேளா?" என்றாள். நான் கூண்டைக் கழுவப் போனேன்.

மறுநாள் காலை ஜயாவின் அலறல் மாடி முழுவதும் கேட்டது. ஓடிப்போனேன். மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் போயிருந்தது. ராமு அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

"ரவையை எடுத்தியாடா மணி?"

"சுரண்டி, ஈரத்துணியால துடைச்சுட்டுத்தான் வெச்சேன்."

அவன் தலையாட்டினான். "அப்போ எலி எங்கேர்ந்து வந்தது? எங்காத்துல எலியே கிடையாதே." என்னை நிமிர்ந்து பார்த்தான். "அப்பா சொல்லுவார், கர்வம் வந்துடுத்துன்னா வாசிக்கறதை நிறுத்திடு, இல்லேன்னா நானே வந்து நிறுத்துவேன்னு. பாகவதர் அன்னிக்கு அப்படிச் சொன்னப்போ எனக்கு உள்ளூர ஜிலுஜிலுன்னு இருந்துதுடா. அது அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு."

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். எலி என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

யாரிடமோ இரவல் வாங்கிய மிருதங்கத்தில் இரண்டு நாளும் நான்தான் வாசித்தேன். ராமு தோலை மாற்றவே இல்லை, அதன் பிறகு வாசிக்கவும் இல்லை. மண்டலியில் கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்போதும் என் பொறாமை தீர்ந்துவிடவில்லை. கூட்டத்தில் யாராவது, "ஹ்ம், ராமு வாசிச்சா எப்படி இருக்கும்!" என்பார்கள். வாசிக்கிறவன் நான், பெயர் வாசிக்காதவனுக்கு. ஜயா காலமான பிறகு அவன் மகன் நெருளில் வீடு வாங்கி அவனை அழைத்துக்கொண்டு போனான். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

விசாலம் படுக்கையில் இருந்தபோது ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கூண்டு விஷயத்தை ராமுகிட்ட சொல்லிடுங்கோ" என்றாள். இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அவள் காரியங்கள் முடிந்த பின், என் மிருதங்கத்துக்குப் புதுத் தோல் கட்டி, உறை போட்டு எடுத்துக்கொண்டு வடாலாவில் வண்டி மாறி நெருளுக்குப் போனேன். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மகனும் மருமகளும் ஆபீஸில். கீழே நிற்கிற கார்கள் தீப்பெட்டி மாதிரி தெரிகிற உயரத்தில் வீடு, எறும்பு நுழைய வழியில்லாத வழவழப்பான தரை. ராமு நன்றாக இளைத்திருந்தான். நான் உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். எலியை விட்டதை, ரவையைச் சுரண்டாததை, துடைத்தேன் என்று சொன்ன பொய்யை.

அவன் நாற்காலிக் கையை விரலால் தடவிக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"வால்ல சிவப்பா இருந்துதோ?"

சாயம் பூசிய கதையை நான் சொல்லவே இல்லை. இந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அவன் வீட்டிலேயே அதைப் பார்த்திருப்பான் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கேட்டேன்.

"அங்கே பாத்ததில்லைடா. இங்கே வந்தப்புறம்தான். சும்மா உக்காந்து நாற்காலிக் கையில விரலால தட்டிண்டிருந்தேன், வந்து எதிர்க்க உக்காந்துது. இப்பவும் வரும். ஒண்ணையும் கடிக்காது, கேக்கும், போயிடும். மாட்டுப்பொண்ணுக்குத் தெரிஞ்சா பசை அட்டை வெச்சுடுவா, அதனால மூச்சு விடல." டீவி மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "நான் அதை அப்பா அனுப்பினதுன்னு நெனச்சிண்டிருந்தேன் மணி. சரி போறும், மன்னிச்சாச்சுன்னு சொல்லி அனுப்பினதுன்னு. நீ விட்டதா அது?"

மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் அவனிடம் மிச்சம் இருந்ததையும் நான் பிடுங்கிக்கொண்டேன். அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"போறது போ," என்றான். "உறையைப் பிரி."

சமையலறையிலிருந்து ரவை கொண்டு வந்து நானே பிசைந்து அப்பிக் கொடுத்தேன். அத்தனை வருஷம் தொடாத கை. முதல் சொற்கட்டு தடுமாறியது, இரண்டாவது சரியாக விழுந்தது, பிறகு அந்த அறை பழைய மண்டலியாக ஆகிவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது டீவி மேஜைக்குக் கீழே ஒரு சுண்டெலி உட்கார்ந்திருந்தது. ஜன்னல் வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக்கொண்டு அசையாமல் அவன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. வால் தரையில் நீண்டு கிடந்தது, நுனி சிவப்பு. மங்கவில்லை, உரியவில்லை, நேற்றுத் தடவியதுபோல இருந்தது. சுண்டெலி இரண்டு வருஷம் உயிரோடு இருந்தால் பெரிது, இது எனக்குத் தெரியாத விஷயமல்ல.

ராமு மிருதங்கத்தை என் பக்கம் தள்ளினான். "நீ வாசி. உன்னையும் அதுக்குத் தெரியுமே."

வாசித்தேன். கணக்கில் ஒரு பிசகு இல்லை. எலி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. பிறகு எழுந்து, அவசரப்படாமல், சுவர் ஓரமாக நடந்து மேஜைக்குப் பின்னால் போய்விட்டது. பின்னால் ஓட்டை எதுவும் இல்லை, நான் மேஜையை நகர்த்தியே பார்த்துவிட்டேன்.

ராமு சிரித்தான். "சுத்தமாத்தான் வாசிச்சே" என்றான்.

எனக்கு அப்போது பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வயதில், அந்த நாளில், மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில், ஒரு எலி அவன் வாசித்ததைக் கேட்டுவிட்டு நான் வாசித்ததைக் கேட்காமல் எழுந்து போனதற்காக எனக்குப் பொறாமையாக இருந்தது.

மிருதங்கத்தை அவனிடமே விட்டுவிட்டு வந்தேன். சில மாதங்களில் ராமு போய்விட்டான். மகன் காரில் வந்து மிருதங்கத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

"அப்பா டெய்லி வாசிச்சார் அங்கிள், லாஸ்ட் டே வரைக்கும். அந்த ரவையை மட்டும் எடுக்க விடமாட்டார். அப்படியே இருக்கட்டும்டான்னுவார்."

மகன் கிளம்பிப் போன பிறகு உறையைக் கழற்றினேன். இடப்பக்கத்தில் ரவை காய்ந்து கெட்டியாக இருந்தது. அதன்மேல் கடுகளவில் கால் தடங்கள், வட்டமாக, சுற்றிச் சுற்றி. ஒரு இடத்தில்கூடப் பல் படவில்லை.

நெருளிலிருந்து திரும்பிய அந்த நாளிலிருந்து என் வீட்டில் எலி இல்லை. கட்டிடம் முழுக்கத் தொல்லை. ராமு இருந்த வீட்டில் இப்போது இருக்கும் பையன் என்னை மாடிப்படியில் நிறுத்தி, "அங்கிள், ஆப்கே கர் மே ஏக் பீ சூஹா நஹீ? க்யா டால்தே ஹோ?" என்று இந்தியில் கேட்கிறான், ஒரு எலிகூட இல்லையே, என்ன மருந்து வைக்கிறேனாம். ஒன்றும் இல்லை, எங்கள் வீட்டில் எலி பேருக்குக்கூடக் கிடையாது என்கிறேன். சொல்லி முடித்த பிறகுதான் அது ஜயா சொல்லும் வார்த்தை என்று உறைக்கிறது.

தினமும் சாயங்காலம் ரவை பிசைந்து அப்பி, கொஞ்ச நேரம் வாசிக்கிறேன். சுரண்டாமல் அப்படியே தரையில் வைக்கிறேன். பக்கத்தில் கூண்டு, கதவு மூடாதபடி கயிறு கட்டி, உள்ளே சுட்ட தேங்காய். காலையில் எழுந்ததும் முதலில் போய்க் குனிந்து பார்ப்பது அதைத்தான். தேங்காய் வைத்தபடியே இருக்கிறது. ரவை வெள்ளையாக, மழமழவென்று காய்ந்திருக்கிறது, அதன்மேல் ஒரு கால் தடம் கிடையாது.