கை போனால் வரும் வாசகம்

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பயிற்சி அறையில் நூற்றுக்கணக்கானவர்கள் என் எழுத்தைப் படித்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை படித்தார்கள். இப்படி வாசகர்கள் வாய்த்த எழுத்தாளன் வேறு யார் இருக்கிறான் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டதுகூட உண்டு. இன்று அதைச் சொல்லவே நாக்கு கூசுகிறது.

வண்டிகளுக்கு இரும்புத் தகட்டில் சின்னச் சின்ன பாகங்கள் அடித்துக் கொடுக்கும் கம்பெனி அது. வரிசையாக பிரஸ் மெஷின்கள். தகட்டை அச்சில் வைத்து, கையை வெளியே எடுத்து, இரண்டு பட்டன்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போதுதான் மேல் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் கை இருக்காது, அவ்வளவுதான் பாதுகாப்பு. நான் அங்கே பயிற்சிப் பிரிவில் குமாஸ்தா. ஒப்பந்த வேலை. ராயக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன்.

புது ஆட்களை எடுத்த எடுப்பில் மெஷினில் நிறுத்தக் கூடாது என்று, பெங்களூரில் வீடியோ கேம் செய்யும் இரண்டு இளைஞர்களைப் பிடித்து ஒரு விளையாட்டு செய்து வாங்கினார்கள். திரையில் ஒரு பிரஸ், ஒரு கை. அம்புக்குறியைத் தட்டினால் கை தகட்டைக் கொண்டுபோய் வைக்கும். கையை வெளியே இழுத்த பிறகு இரண்டு விசைகளை அழுத்த வேண்டும். இழுப்பதற்கு முன் அழுத்தினால் நொறுங்குகிற சத்தம் கேட்டு ஒரு வாசகம் வரும். வேகம் போதாமல் பின்தங்கினாலும் ஆட்டம் நின்று வாசகம் வரும். அந்த வாசகங்களைத் தமிழில் எழுதும் வேலை எனக்கு வந்தது. தமிழ் எழுத்து அந்த விளையாட்டுக்குள் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. அதனால் தட்டச்சு செய்ததைப் படமாக்கி, பழைய படத்தின் பெயரையே வைத்து அதே இடத்தில் போட்டுவிடுவேன். பெயர் ஒன்றாக இருந்தால் போதும், கம்ப்யூட்டர் எதையும் கேட்காது.

கை மாட்டினால் வருவதற்கு முதலில் இப்படி எழுதினேன்: "உங்கள் கை நசுங்கிவிட்டது. இனி நீங்கள் வேலை செய்ய முடியாது. ஆட்டம் முடிந்தது." ஆங்கிலத்தில் இருந்ததைத்தான் எழுதினேன். ஆனால் தமிழில் ஒருவரைப் பார்த்து ஆட்டம் முடிந்தது என்றால் ஆளையே முடித்துவிட்டதாக அர்த்தம். முதல் நாளே ஒரு பெண் விசைப்பலகையைத் தொட மாட்டேன் என்று அழுதாள். இரண்டு பேர் மதியச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் திரும்பவே இல்லை.

மனிதவள மேலாளர் என்னைக் கூப்பிட்டார். பெங்களூர்க்காரர். அவர் பேசும் தமிழில் கன்னடம் எட்டிப் பார்க்கும்.

"என்னப்பா இது, சாபம் விட்ட மாதிரி எழுதியிருக்கே? ஆள் கிடைக்கிறதே கஷ்டம். கொஞ்சம் ப்ரீதியா எழுது. இன்னொரு வாட்டி ஆடணும்னு தோணணும்."

அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு நாள் அதே யோசனையாக இருந்தேன். தோல்வி என்ற சொல் கூடாது, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஞாபகம் வரும். முயற்சி செய்யுங்கள் என்றால் வாத்தியார் பேசுவது போல இருக்கும். கடைசியில் ஒன்று அமைந்தது: "பரவாயில்லை. கொஞ்சம்தான் தவறியது. இன்னொரு முறை பார்ப்போம்." பாருங்கள் என்று எழுதாமல் பார்ப்போம் என்று எழுதியதில் எனக்கு ஏகப் பெருமை. விளையாடுகிறவர் தனியாக இல்லை, நானும் பக்கத்தில் இருக்கிறேன் என்று அந்த ஒரு சொல் சொல்லுமாம்.

நேரம் போனதற்கு ஒன்று, கை போனதற்கு ஒன்று என்று இரண்டு வாசகம் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறு காரணம் கிடையாது. ஒரே படத்தை இரண்டு பெயரில் போட்டேன்.

பயிற்சி அறையில் அழுகை நின்று சிரிப்பு கேட்க ஆரம்பித்தது. என்னைப் 'பார்ப்போம் அண்ணன்' என்றே கூப்பிட்டார்கள். அவர்களில் வேகமான கை அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணுடையது. பன்னிரண்டாவது முடித்தவள். மத்திகிரியில் ஒற்றை அறை வீட்டில் இன்னும் மூன்று பெண்களோடு வாடகைக்கு இருந்தாள். சாப்பாட்டு இடைவேளையிலும் வந்து உட்கார்ந்து ஆடுவாள். ஒருநாள் திரையில் கை நொறுங்கி, என் வாசகம் வந்து நின்றபோது திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணே, கை மாட்டுனாலும் அந்த பீஸு கணக்குல ஏறிருதுல்ல?"

ஏறியது. விளையாட்டை அப்படித்தான் செய்திருந்தார்கள். "ஏறிடுச்சு பாரு, நீ கில்லாடிதான்" என்றேன் நான். இரண்டு பேரும் சிரித்தோம்.

மெஷினுக்குப் போன மூன்றாவது மாதம், ஒரு மதிய ஷிப்டில், அவளுடைய வலது கையில் மூன்று விரல்கள் போயின. அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. வலது பக்கப் பட்டனில் மரக்கட்டையைச் செருகி எப்போதும் அழுந்தியிருக்கும்படி செய்துவிட்டால் ஒற்றைக் கையாலேயே அடிக்கலாம், வேகம் கூடும். சூப்பர்வைசர் அப்படிச் செருகி வைப்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் கட்டையைக் காணோம்.

இரண்டு வாரம் கழித்து விசாரணைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வருவதாகத் தகவல் வந்தது. அவளுடைய கவனக்குறைவு என்று அறிக்கையில் ஏறிவிட்டால் கம்பெனி அவளுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. மேலாளர் என்னை உட்கார வைத்து டீ சொன்னார்.

"மொதல்ல ஒண்ணு எழுதினியே, சாபம் மாதிரி. அது இருக்கா?"

"இருக்குங்க சார்."

"அதையே போட்டுடு. நாம எச்சரிக்கை பண்ணியிருக்கோம்னு தெரியணும், அஷ்டே, அவ்வளவுதான்."

அவர் மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிரந்தரமாக்கும் பட்டியலில் என் பெயர் இருப்பது இரண்டு பேருக்குமே தெரியும், சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அது மட்டும் காரணம் என்றால் இன்றைக்கு எனக்கு இத்தனை வெட்கம் இருக்காது. கை போனால் பரவாயில்லை என்று எழுதியவன் யார் என்று ஆய்வாளர் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். டீ ஆறுவதற்குள் படத்தை மாற்றிவிட்டேன்.

விசாரணை பயிற்சி அறையில்தான் நடந்தது. ஆய்வாளர், மேலாளர், சூப்பர்வைசர், நான். அவள் தனியாக வந்திருந்தாள். கையில் கட்டு பெரிதாக இருந்தது. பட்டனில் மரக்கட்டை செருகி வைத்திருந்தார்கள் என்றாள். எந்தக் கட்டை என்று கேட்டார் சூப்பர்வைசர். பயிற்சியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஆய்வாளர் கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல ஆட விட்டாக சார். கை உள்ள மாட்டுனா பரவாயில்ல, இன்னொரு தடவ பாப்போம்னு வரும். அப்பிடித்தான் பழகுனேன்."

மேலாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் விளையாட்டைத் திறந்தேன். வாசகம் வர வேண்டுமென்றால் கையை உள்ளே விட்டு நசுக்கியாக வேண்டும். நசுக்கினேன். அந்தச் சத்தத்துக்கு அவள் தோள் குலுங்கியது. நான் முதலில் எழுதிய மூன்று வரிகளும் திரையில் வந்து நின்றன.

ஆய்வாளர் சத்தமாகப் படித்துவிட்டு, "இதுதானே வந்துச்சு?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் முன்னால் குனிந்து, உதடு அசையப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அண்ணே, இப்பிடியா போட்டிருந்துச்சு?"

"ஆமாம்மா. இதுதான்."

 ஆய்வாளர் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் சார். அவசரத்துல நாந்தேன் ஒழுங்காப் படிக்காம விட்டுட்டேன் போல."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். வாக்குமூலத்தைச் சுத்தமாகத் தட்டச்சு செய்யச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். அவளால் பேனா பிடிக்க முடியாது என்பதால் மைப்பெட்டி வந்தது. காகிதத்தை அவள் முன்னால் வைத்து நகராமல் பிடித்துக்கொண்டேன். இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தியவள், வைப்பதற்கு முன் என்னைப் பார்த்தாள்.

"நீங்க படிச்சுட்டீகல்ல அண்ணே?"

"படிச்சுட்டேன்மா" என்றேன். அவள் விரலை வைத்தாள்.