கிரகணத் தாளில் என் பதில்

முதல் தூறலில் மண் ஏன் மணக்கிறது? வெங்காயம் நறுக்கினால் கண் ஏன் கரிக்கிறது? இப்படிக் கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் நானே எழுதி, தினசரி காலண்டர் தாளின் அடியில் போடுவதற்கு ஒரு காலத்தில் சம்பளம் வாங்கினேன். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கும் வேலை எனக்கு. ராசிபலன் மட்டும் போதாது, அறிவியலும் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்த பார்ட்டி கேட்டாராம். பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் படித்த பாவத்துக்கு, முதலாளி அதை என் தலையில் கட்டிவிட்டார்.

எனக்கு அப்போது கைக்குழந்தை. பெண். மேலுதடு பிளந்து பிறந்தவளுக்கு மதுரையில் ஆபரேஷன் செய்து தைத்திருந்தோம். தையல் ஆறிவிட்டது, மாமியாரின் வாய்தான் ஆறவில்லை. எங்கள் திருத்தங்கல் வீட்டுக்கு யார் வந்தாலும் பிள்ளையின் முகத்தைத் திருப்பிக் காட்டுவார்.

"கிரகணத்தன்னைக்குக் கத்திரிக்கோலைத் தொடாதேன்னு அம்புட்டுச் சொன்னேன். கேட்டாளா? அங்கன போயி பேப்பரை வெட்டியிருக்கா. பிள்ளை உதட்டையில்ல வெட்டிட்டு வந்திருக்கா!"

பேப்பர் வெட்டியது உண்மைதான். கிரகணம் பிடித்த அந்தச் சாயங்காலம் பிரஸ்ஸில் புரூப் தாள்களை நறுக்கிக்கொண்டிருந்தேன். அதனால் என்ன என்று நான் வாயைத் திறந்தால், அவரிடம் சாட்சி தயாராக இருந்தது. அன்றைய காலண்டர் தாளைக் கிழித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். 'கிரகண வேளையில் கர்ப்பிணிகள் எதையும் நறுக்கக் கூடாது.' அச்சில் வந்துவிட்டதாம், அப்பீலே கிடையாதாம்.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று எனக்கல்லவா தெரியும்! எங்கள் தொழிலில் யாரும் உட்கார்ந்து புதிதாக எழுதுவதில்லை. போன வருஷத்து ஃபைலைத் திறந்து தேதியை மாற்றுவோம். கிரகணம் வந்தால் பழைய கிரகண வரியைத் தூக்கி ஒட்டுவோம். மாமியார் பத்திரப்படுத்திய தாளில் அதை ஒட்டியதே நான்தான்.

அந்த சீசனில் அடுத்த வருஷத்துக் காலண்டரை அடித்தபோது, பொங்கலுக்கு மறுநாள் சூரிய கிரகணம் வந்தது. பழைய வரியை அழித்துவிட்டு இப்படி அடித்தேன். கேள்வி: கிரகணத்தில் கர்ப்பிணி எதையாவது நறுக்கினால் குழந்தையின் உதடு பிளக்குமா? பதில்: பிளக்காது. கருவின் உதடு முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே கூடிவிடும். கூடாமல் போனால் அதற்கும் கிரகணத்துக்கும் சம்பந்தமில்லை, தாய்மீதும் குற்றமில்லை. சூரியனை மட்டும் வெறும் கண்ணால் பார்க்காதீர்கள்.

ஆபரேஷன் செய்த டாக்டர் எனக்குச் சொன்னது இது. நான் பேப்பர் வெட்டிய கிரகணத்தன்று எனக்கு ஆறாம் மாதம். மாதக் கணக்குக்கூட ஒத்துவராத பழியை என் மேல் போட்டிருந்தார்கள்.

முதலாளி புரூப்பைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "ஏம்மா, எதுக்கு இந்த வம்பு? பார்ட்டி ஆர்டரைத் திருப்பிட்டார்னா? பழசையே போடு."

"அறிவியல் கேட்டதே அவுகதான அண்ணாச்சி? பழசுதான் வேணும்னா வேற ஆளை வச்சு அடிச்சுக்கோங்க. என் கை அதை அடிக்காது."

சீசன் நேரத்தில் வேறு ஆளுக்கு எங்கே போவார்? முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

எங்கள் வீட்டில் அந்தக் காலண்டரைத்தான் மாட்டினேன். பொங்கலுக்கு மறுநாள் மாமியார் கிரகணத்துக்காகக் கதவைச் சாத்திவிட்டு, அன்றைய தாளைக் கிழித்து வழக்கம்போல் உரக்க வாசித்தார். 'பிளக்காது' என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

"எந்தக் கூறுகெட்டவன் எழுதுனது இதை?"

"நான்தான் அத்தை. சாமி படத்துக்குப் பின்னால வச்சிருக்கீகளே ஒரு தாளு, அதை அடிச்சதும் நான்தான். அதை நம்புனீகள்ல, இதையும் நம்புங்க."

அவர் சாமி படத்தைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். நான் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒரு கையில் அரிவாள்மணையோடு சாத்திய கதவைத் திறந்தேன். மத்தியான வெயில் மங்கிக் கிடந்தது, தெருவில் ஈ காக்கை இல்லை. ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று, நடுவாசலில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினேன். மகள் என் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கரித்தது. ஏன் கரிக்கிறது என்று எனக்குத் தெரியும்.