பெர்த்தா அக்காவின் முதல் சாளை

பனச்சமூடு சந்தையில், நான் மருந்து எடுத்துக் கொடுக்கும் கடைக்கு நேர் எதிரே, பூவார் ஊரிலிருந்து வரும் பெர்த்தா அக்கா இருபது வருடமாக மீன் விற்கிறார்.

“சாளை தின்னு மக்கா, தோல் மினுங்கும். நம்பலேன்னா எனக்க கையப் பாரு.”

நீட்டிய கை மினுங்கும். கூடை காலியாகும்.

போன மாசியில் அந்தக் கை சிவந்து தடித்துச் செதிலெடுத்தது. அக்கா முழுக்கைச் சட்டைக்கு மாறினார். வந்தவர்கள் விரல்களைப் பார்த்துவிட்டு அடுத்த கூடைக்கு நகர்ந்தார்கள்.

தோல் டாக்டரின் சீட்டோடு என்னிடம் வந்தார். ஒரு களிம்பு, ஒரு குப்பி மாத்திரை. குப்பியை மோந்ததும் முகம் கோணியது.

“இது என்னதுலே?”

“மீனெண்ணெய் அக்கா. ஒமேகா த்ரீ. சிலருக்குத் தோல் வீக்கம் மெதுவா கொறையும். சாளையில உள்ளதாக்கும்.”

“எனக்கே மீன விக்கியாலே நீ?”

“நீங்கதான் தினமும் சாளை தின்னுறீங்களே?”

அக்கா இருபுறமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “பெறந்ததுல இருந்து வாயில வச்சதில்ல. அந்த நாத்தம் ஆவாது. வெளிய சொன்னா ஒன்ன ஐஸ்ல போட்டுருவேன்.”

மூன்றே நாள். ஏப்பத்தில் சாளை வருகிறதென்று குப்பியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள், வாடிக்கையாக மீன் வாங்கும் குன்னத்துகால் ஊர் லேகா கூடைமுன் நின்றார். “தினமும் சாளை தின்னுற கையா அக்கா இது? ஒண்ணு தின்னு காட்டுங்க. ரெண்டு கிலோ எடுக்கேன்.”

சந்தையே திரும்பியது. மறுத்தால் இருபது வருடப் பேச்சும் பொய். அக்கா என்னைப் பார்த்தார். நான் அவசரமாக ஊசிப் பெட்டிகளை அடுக்கினேன்.

டீக்கடை சத்தியதாஸ், தன் மதியச் சோற்றுக்கு வறுத்த சாளையை இலையோடு கொண்டுவந்தார். அக்கா சிலுவை வரைந்துகொண்டு, கண்ணை இறுக மூடிக் கடித்தார். மென்றார். ஒரு கண் திறந்தது. மற்றதும் திறந்தது. கை இன்னொன்றை எடுத்தது. பிறகு இன்னொன்றை. சத்தியதாஸுக்கு முள் மட்டும் மிஞ்சியது.

“மாதாவே, இதையா இத்தன காலம் தின்னாம வித்துக் களஞ்சேன்?”

லேகா சிரித்துச் சிரித்து ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். எழுந்து இரண்டு கிலோ கேட்டபோது அக்கா கூடையைப் பின்னுக்கு இழுத்தார்.

“ஒரு கிலோதான் உண்டு. மத்தது எனக்காக்கும்.”

மூன்று மாதம் களிம்பும் சாளையுமாகப் போனது. சிவப்பு மெல்ல இறங்கியது. அக்கா மறுபடியும் கையை நீட்டுகிறார்: “இப்போ நெசமாவே தின்னுதேன், பாரு.”

களிம்பு வாங்கும்போது மட்டும் குரல் தாழ்கிறது.

“எலே, ரெண்டு பேப்பர்ல பொதிஞ்சு தா. லேகா அந்தா நிக்கா.”