பாப்பா வரைந்த கடைசிப் பக்கம்

நம் ராணுவக் குடும்பங்களின் குழுவில் இந்த இரவு நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

இன்று திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அக்கா என் நாலு வயசு மகளிடம் படப்புத்தகம் ஒன்றை நீட்டினார். அதில் ஒரு அப்பா பட்டாளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

என் கணவர் ராணுவத்தில் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? கேட்டேவிட்டேன்.

"மடியில பட்டாளத்துப் பைய வெச்சிக்கினு இருக்கியேம்மா," என்றார். "நம்ம பட்டாளத்துப் புள்ளைங்களுக்குன்னே இந்த புக்கு குடுக்கறோம். உங்கப்பா எங்க பாப்பா இருக்காரு?"

"அதச் சொல்லக் கூடாது," என்றாள் பாப்பா. நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

"அட, உஷாராத்தான் வளத்துக்கினு இருக்க!"

கடைசிப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். மேலே, 'என் அப்பா இருக்கும் இடம்'. கீழே, வரைந்ததைப் படமெடுத்து அனுப்ப ஒரு நம்பர். யார் நம்பரோ!

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைப் பீரோ மேலே ஒளித்தேன். பாப்பா அழுது வாங்கிவிட்டாள்.

அவள் வரைந்தது ஒரு செல்போன். அதற்குள் மீசையோடு அப்பா.

"அப்பா உள்ள மாட்டிக்கினாரும்மா. பாத்தா அழுவ வருது."

ஒரு மாதமாக, வீடியோ கால் வந்தாலே ஏன் ஓடுகிறாள் என்று இப்போதுதான் புரிந்தது.

இதில் ராணுவ ரகசியம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டு ரகசியம்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த நம்பரை நம்ப மனசு வரவில்லை. கணவரைக் கேட்கலாமென்றால் லைன் கிடைக்கவில்லை.

உங்களில் யாருக்காவது இந்தப் புத்தகம் வந்ததா? அனுப்பினீர்களா? சீக்கிரம் பதில் போடுங்கள்.