ஜோசப்ராஜ் அண்ணன் தோண்டிய சுரங்கம்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர் வீட்டு ஜோசப்ராஜ் அண்ணன் முன்னேற்பாடு இல்லாமல் தும்மல்கூடப் போட மாட்டார். மூக்கு அரித்ததும் கைக்குட்டையை நான்காக மடிப்பார். ஆள் இல்லாத பக்கம் எது என்று பார்த்து, அந்தப் பக்கம் திரும்பி நின்று காத்திருப்பார். அதற்குள் தும்மலுக்கே அலுத்துப்போய் வராமல் இருந்துவிடும்.

பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் அவருக்குத் திட்டப் பிரிவில் வேலை. எந்த உதிரி பாகம் எந்த மெஷினுக்கு எப்போது போக வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது. சாயங்காலம் சங்கு ஊதினால் மற்றவர்கள் வேலையை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். இவர் வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு வந்தார். பெண் பார்க்கப் போனபோதே தெரசா அக்காவிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு போனாராம். முதல் கேள்விக்கே அக்கா, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்டுவிட்டார். மனிதர் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். பதிலைத் தயார் செய்துகொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போனார். அதற்காகத்தான் கட்டிக்கொண்டேன் என்று அக்கா சொல்வார். அவருடைய ரசனை அப்படி.

எண்பத்தேழாம் வருஷம் அக்காவின் தம்பி கப்பலிலிருந்து லீவில் வந்தான். ஊரில் எல்லோருடைய தம்பியும் சிங்கப்பூரிலிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தபோது, இவன் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தான். உள்ளே இரண்டு இங்கிலீஷ் புத்தகங்களும், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகளும் இருந்தன. பலகை இல்லை, காய் இல்லை. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் போக வேண்டும். எதிரில் ஒரு கதவு இருக்கிறது, என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்பார். உடைக்கிறேன் என்றோ தட்டுகிறேன் என்றோ நாம் சொல்வோம். உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஆட்டம் அவ்வளவுதான்.

வீட்டுப் பிள்ளைகள் அரை மணி நேரம் பார்த்துவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விட்டார்கள். பிள்ளைகளுக்கு இருந்த புத்தி அப்பாவுக்கு இல்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சில மாதம் படித்தார். புத்தகத்தில் இருந்த பனிமலையும் கோட்டையும் நமக்கு ஒத்துவராது என்று, செம்பரம்பாக்கம் ஏரிக்கு அடியில் ராஜா காலத்துச் சுரங்கம் ஒன்றைத் தோண்டினார். காகிதத்தில்தான். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பழைய வரைபடத் தாள்களின் பின்பக்கத்தில், அறை, கதவு, படிக்கட்டு, குழி, விஷ அம்பு எல்லாம் அளவு போட்டு வரைந்தார். சுரங்கத்தின் கோடியில் ஒரு கடைசி அறை. அதில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். தெரசா அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

ஆட ஆள் வேண்டுமே. என் வீட்டுக்காரர் லட்சுமணன் அதே தொழிற்சாலையில் ஃபிட்டர், அவரைப் பிடித்தார். பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வரும் பெயிண்டர் வரதனைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் எங்கே போகிறார் என்று வேவு பார்க்கப் போன எனக்கு, ஒரு கொள்ளைக்காரி வேஷம் கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள். தெரசா அக்கா மட்டும் ஆட்டத்தில் சேரவில்லை. பூண்டு உரித்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்.

முதல் நாள் சுரங்க வாசலில் ஈட்டியோடு நான்கு காவலாளிகள் நின்றார்கள். நாங்கள் சண்டை போட்டு உள்ளே போக வேண்டும் என்பது ஏற்பாடு. வரதன் சண்டை போடவில்லை.

"இன்னா நைனா, எப்போ ஷிப்ட் மாத்துவாங்கோ உங்களுக்கு?" என்று காவலாளியைக் கேட்டான்.

ஜோசப்ராஜ் அண்ணன் தாளைப் பார்த்தார். தாளில் அது இல்லை. "அது... மாற்ற மாட்டார்கள்" என்றார். அவர் வாயில் பேச்சே அறிவிப்புப் பலகைத் தமிழில்தான் வரும். பதறினால் மட்டும் நம்மைப் போலப் பேசுவார்.

"இன்னா அண்ணாத்தே அநியாயமா கீது? ஓவர்டைமாவது உண்டா?"

"அதை அடுத்த வாரம் சொல்கிறேன்."

அவ்வளவுதான், தொலைந்தது. என் வீட்டுக்காரர் தொழிற்சங்கத்தில் ஊறியவர். காவலாளிகளை உட்காரவைத்து வாயிற்கூட்டம் போட்டார். மூன்று ஞாயிறு அந்த வேலைநிறுத்தம் நடந்தது. சுரங்க வாசல் ஆள் இல்லாமல் திறந்து கிடந்தது. நாங்கள் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை, ராஜாவிடம் பேச்சுவார்த்தைக்குப் போய்விட்டோம். ஜோசப்ராஜ் அண்ணன் ஒரு வாரம் உட்கார்ந்து காவலாளிகளின் லீவு விதி, பண்டிகைப் படி, பென்ஷன் எல்லாவற்றையும் தயாரித்துக்கொண்டு வந்தார். அதற்குள் நாங்கள் காவலாளிகளை மறந்துவிட்டு வானகரத்தில் மாடு வாங்கப் போயிருந்தோம். அவர் போய் மாடுகளைத் தயாரித்தார். நாங்கள் மாட்டை விற்றுப் படகு வாங்கினோம். இப்படியே எங்களுக்கு எப்போதும் ஒரு வாரம் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"சுரங்கத்துக்குப் போகலாமே" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். வற்புறுத்த மாட்டார். பந்தியில் ஒதுக்கிவைத்த பலகாரத்தைக் காட்டுவதுபோலக் காட்டிவிட்டுச் சும்மா இருப்பார்.

"மனசுல தோணறத அப்படியே சொல்லுங்களேன், என்ன கெட்டுப்போச்சு?" என்று தெரசா அக்கா ஒருநாள் புத்தி சொன்னார். அந்த வாரம் அவர் தாளே இல்லாமல் வந்து உட்கார்ந்தார். படகோட்டியின் பெயர் என்ன என்று நான் கேட்டேன். ரொம்பச் சின்னக் கேள்வி. மனிதருக்கு நெற்றி வியர்த்தது, விசிறியை வேகமாக வைக்கச் சொன்னார், தண்ணீர் குடித்தார்.

"ஜோசப்ராஜ்" என்றார் கடைசியில்.

"அவன் பொண்டாட்டி பேரு?"

"தெரசா."

"என்னை எதுக்குங்க படகுல ஏத்துறீங்க?" என்றார் அக்கா, பூண்டிலிருந்து தலை தூக்காமல். மறு வாரம் தாள்கள் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தன.

இந்த இடத்தில், தயாரிப்பே தேவையில்லை, வாய் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு வரதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்தபோது, கதை சொல்லும் பொறுப்பை அவன் எடுத்துக்கொண்டான். முதல் ஞாயிறு வயிறு வலிக்கச் சிரித்தோம். இவனல்லவா கதை சொல்கிறவன் என்றார் என் வீட்டுக்காரர். இரண்டாவது ஞாயிறு, நாங்கள் ஏற்கனவே கொன்ற மந்திரி ஒரு கல்யாணத்தில் ஜிலேபி பரிமாறிக்கொண்டிருந்தான்.

"செத்தவன் எப்படிடா வந்தான்?" என்று கேட்டேன்.

"அது அவன் தம்பி யக்கா."

மூன்றாவது ஞாயிறு அந்தத் தம்பியும் செத்து இன்னொரு தம்பி வந்தான். கதவைத் திறந்தால் வரதனுக்கு அந்த நிமிஷம் எது தோன்றியதோ அதுதான் பின்னால் இருக்கும். இடது பக்கம் போனாலும் அதுதான், வலது பக்கம் போனாலும் அதுதான். பிறகு எந்தப் பக்கம் போனால் என்ன? என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். காமாலை இறங்கி அண்ணன் எழுந்தபோது எங்களுக்குத்தான் உயிர் வந்தது. அவருடைய உலகத்தில் செத்தவன் செத்தவன்தான். மாட்டுக்குக்கூட வயது உண்டு. அந்த உலகத்தில் அவர் சொல்கிற இடத்துக்குப் போகாமல் இருப்பதுதான் எங்கள் சந்தோஷம். அதை அவருக்கு யார் சொல்வது?

தொண்ணூற்றொன்றில் அவருக்கு ஜபல்பூருக்கு மாற்றல் வந்தது. தண்ணீர்க் குழாயடியில் தெரசா அக்கா என்னிடம் சொன்னார்.

"சாமான் கட்டுறது, ரயில் டிக்கெட்டு, பசங்க ஸ்கூலு, எல்லாத்துக்கும் பிளான் வச்சிருக்காரு லோகா. அதுல ஒரு கவலையும் இல்ல. சாப்பிட உக்காந்தா மட்டும் ஒண்ணையே கேக்குறாரு. 'ஒரு தடவைகூட அவங்க உள்ள போகலையே தெரசா, அவ்ளோ மோசமாவா வரைஞ்சிருக்கேன்?'ங்கிறாரு."

எனக்குச் சுருக்கென்றது. நாலு வருஷம் அந்த வீட்டில் காபி குடித்திருக்கிறோம். ஒரு மனிதர் தோண்டிய சுரங்கத்துக்குள் ஒரே ஒரு நாள் போய்விட்டு வந்தால் குறைந்தா போய்விடுவோம்?

சனிக்கிழமை எங்கள் வீட்டில் கூடினோம். தாள்களைத் தூசி தட்டியே வழியைத் தெரிந்துவைத்திருந்த தெரசா அக்கா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இடது, மறுபடி இடது, மூன்றாவது கதவுக்குப் பின்னால் குழி. காவலாளியிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று வரதனிடம் சத்தியம் வாங்கினேன். "ஐயோ, எவ்வளவு பெரிய கதவு" என்று சொல்ல என் வீட்டுக்காரருக்குப் பயிற்சி கொடுத்தேன். ஆண்டுவிழா நாடகத்துக்குக்கூட நாங்கள் அப்படி ஒத்திகை பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பாடும் ஆனபின் உட்கார்ந்தோம். வீட்டில் பாதிச் சாமான் சாக்கில் இருந்தது.

"எங்கே போகிறீர்கள்?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

"சுரங்கத்துக்கு" என்றேன்.

முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. காவலாளிகளோடு ஒழுங்காகச் சண்டை போட்டோம். இடது பக்கம் போனோம். மறுபடி இடது. என் வீட்டுக்காரர் பெரிய கதவைப் பார்த்து ஆச்சரியப்பட்டார், கொஞ்சம் சத்தமாகவே. உண்மையைச் சொன்னால் அது ஒரு மட்டமான சுரங்கம். கதவு, அறை, கதவு, அறை, அவ்வளவுதான். நாங்கள் கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினோம். அவர் ஒவ்வொரு தாளாகத் திருப்பிக்கொண்டே வந்தார். மூன்றாவது கதவு வந்தது.

"கதவு திறக்கிறது" என்றார்.

"நான் குழியைத் தாண்டிக் குதிச்சிகினு அந்தாண்ட போறேன்" என்றான் வரதன்.

அவர் இன்னும் குழியைச் சொல்லவில்லை.

அவர் வரதனைப் பார்த்தார், பிறகு என்னை, கடைசியில் தெரசா அக்காவை. அக்கா பூண்டுத் தோலைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"ஒத்திகை பாத்தீங்களா?" என்றார். அறிவிப்புப் பலகை போய்விட்டது, வெறும் குரல்தான் இருந்தது. "எனக்காகவா?"

எனக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் இருந்தது. அவர் தாள்களை ஒன்றாக அடுக்கி, கவிழ்த்து, மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"மேல ஒரு சத்தம் கேக்குது" என்றார்.

"என்ன சத்தம் சார்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"தண்ணி. இந்தச் சுரங்கத்துக்கு மேல ஏரி இருக்குல்ல? நாலு வருஷமா அத யாரும் யோசிக்கல. நானும் யோசிக்கல. கூரை விரிசல் விடுது. முழங்கால் வரைக்கும் வந்துருச்சு. என்ன பண்றீங்க?"

எல்லோரும் தெரசா அக்காவைப் பார்த்தோம். அக்கா கையை விரித்தார்.

"சார், இது தாள்ல இருக்கா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இல்ல."

"வெளிய போவ வழி?" என்றான் வரதன்.

அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்ல அவருக்கு அடுத்த வாரம் இல்லை. "தெரியாது" என்றார். "இடுப்பு வரைக்கும் வந்துருச்சு."

வரதன் எழுந்தே நின்றுவிட்டான். "யக்கா, கயிறு உன்னாண்டதானே கீது? தூக்கிப் போடு" என்று கத்தினான். நான் எங்கே கட்டுவது என்று கேட்டேன். எங்கே கட்டலாம் என்று அண்ணன் என்னையே கேட்டார், உண்மையாகவே தெரியாமல் கேட்டார். நான் ஒரு வளையத்தைச் சொன்னேன், அவர் பகடையை உருட்டி, வளையம் இருக்கிறது என்றார். என் வீட்டுக்காரர் எங்களுக்காக ஒரு கதவைத் தோளால் தாங்கிப் பிடித்தார், அது பெயர்ந்து விழுந்து செத்துப்போனார். நாலு வருஷம் வளர்த்த வேஷம், மனிதருக்குக் கண் கலங்கியது. தெரசா அக்கா பூண்டு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான் கரையில நிக்கிறேன், அங்கேருந்து கை குடுக்குறேன்" என்றார். அண்ணன் மறுக்காமல் அவருக்கும் பகடையை நீட்டினார்.

கடைசி அறை, அதில் அவர் என்ன வைத்திருந்தாரோ, எல்லாம் தண்ணீருக்குள் போனது. அதில் என்ன இருந்தது என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாற்காலி நுனிக்கு வந்து, முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுத்து வரைக்கும் வந்துருச்சு" என்றார். "சொல்லு தங்கச்சி, அப்புறம் என்ன பண்ணீங்க?"